பழைய டிராக்டரில் ஹைட்ராலிக் தூக்கியின் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

நஞ்சை நிலத்தில் நடவுக்கு முன் சேறு கலக்கும் சமயத்தில் டிராக்டரின் ஹைட்ராலிக் தூக்கி வேலை செய்யாது நின்றுவிடுமாயின், அதனால் குடியானவருக்கு நேரும் நஷ்டம் ரிப்பேர்க் கூலியோடு முடிவதில்லை. முறைவைத்துத் தண்ணீர் விடும் வாய்க்கால்களில் அந்த முறை தவறிவிடும். நாற்றங்காலில் நாற்று முதிர்ந்துவிடும். நடவுக்குச் சொல்லிவைத்த ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். இந்த நெருக்கடியில் கையில் கிடைத்த மெக்கானிக்கை அழைத்து, பம்பையே மாற்றவேண்டுமென்று அவர் சொன்னால் அதற்கும் இசைந்து, பெருந்தொகை செலவிட்ட பிறகு, குறை பம்பில் இல்லை, நாலைந்து ரப்பர் வளையங்களில்தான் இருந்தது என்று தெரியவருவது சாதாரணமாக நிகழ்கிற சங்கதி. ஆகையால் தூக்கி எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும், எந்தக் குறி எந்தக் கோளாற்றைக் காட்டுகிறது என்பதையும் டிராக்டர் வைத்திருப்பவர் ஒருவாறு அறிந்திருத்தல் அவசியம். சங்கத்தின் பேரிலோ பஞ்சாயத்தின் பேரிலோ வாடகை டிராக்டரைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். ரிப்பேர்ச் சீட்டில் கையெழுத்திடுபவர்கள் அவர்களே அல்லவா?

நமது ஜில்லாக்களில் நெடுங்காலமாக உழைத்துவரும் வண்டிகளில் மாஸி பெர்குஸன் 35 என்னும் மாதிரியும், அதன் வழியில் வந்த 1035 என்பதும் அதிகம். இங்கிலாந்தில் உருவான இந்த மாதிரியைச் செய்வதற்காகவே 1960-ஆம் ஆண்டில் சென்னையில் டாபே கம்பெனி தொடங்கப்பட்டது. முப்பது நாற்பது வருஷம் உழைத்த பிறகும் இவ்வண்டிகள் கைமாறிக் கைமாறி உழுதுகொண்டிருக்கின்றன. இக்கட்டுரையில் சொல்லப்படுபவை பெரும்பாலும் அவற்றைக் குறித்தவையே. வேறு கம்பெனியாரின் வண்டிகளில் பம்பு இருக்கும் இடமும் லீவர்களின் அமைப்பும் மாறுபடும். ஆயினும் குறிகளைக் கொண்டு காரணத்தை ஊகிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

தூக்கி தோன்றிய வரலாறு

முற்காலத்து டிராக்டர்கள் கலப்பையை மாடு இழுப்பதுபோல் பின்னால் கட்டி இழுத்துச் சென்றன. கலப்பை ஒரு கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் பிடிவிடாமல் சுழல, வண்டியின் முன்புறம் மேலே கிளம்பி, ஓட்டுபவர்மேலேயே கவிழ்வது உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குஸன் என்பவர் முதல் உலக யுத்த காலத்தில் டிராக்டர் உழவைச் சீர்திருத்தும் வேலையில் ஈடுபட்டபோது இந்த அபாயத்தை நேரில் கண்டவர். கலப்பையை வண்டியின் ஓர் அங்கமாகவே இணைத்து, கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு கையுமாக மூன்று இடங்களில் பிடித்து, எண்ணெய் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் ஏற்பாடு செய்தார். இதற்கு 1925-இல் காப்புரிமை கோரினார். 1936-இல் டேவிட் பிரௌன் என்பவரின் கூட்டுறவிலும், 1939-இல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு என்பவரின் கூட்டுறவிலும் இந்த அமைப்புடன் டிராக்டர்கள் வெளிவந்தன. 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட சிறிய சாம்பல் நிற வண்டிகள் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்படும். அவற்றின் வாரிசுதான் 35.

இந்த அமைப்பில் மேல் கைக்குத் தனிச் சிறப்பு உண்டு. கலப்பை இறுகிய மண்ணில் போகும்போது மேல் கை முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அது இருக்குமிடத்தில் ஒரு வலுவான வில்லைப் பொருத்தி, வில் அமுங்கும்போது எண்ணெய் வால்வு தானே திறந்து கலப்பையைச் சிறிது தூக்கும்படி செய்திருக்கிறார்கள். தூக்கப்படும் கலப்பையின் பாரம் பின்சக்கரத்தின்மேல் விழுவதால் சக்கரத்துக்குப் பிடிப்பு அதிகரிக்கிறது. கனம் குறைந்த வண்டி கடினமான நிலத்தை உழுவதன் ரகசியம் இதுவே.

உள்ளே நடப்பது என்ன?

பின்புறத்து இரும்புக் கூட்டினுள் கியர்களும் எண்ணெய்ப் பம்பும் ஒரே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. பம்பில் நான்கு சிறு பிஸ்டன்கள் உண்டு. வண்டியின் பி.டி.ஓ. தண்டு சுழலும் வரிசையிலேயே பம்பும் சுழல்கிறது. அது தள்ளும் எண்ணெய் செங்குத்தான ஒரு குழாய் வழியாக மேலேறி, ஆசனத்துக்குக் கீழே மூடியோடு சேர்ந்திருக்கும் பெரிய சிலிண்டரை அடைகிறது. அங்குள்ள பிஸ்டன் தள்ளப்பட, அதனோடு இணைந்த தண்டு வெளியே தெரியும் இரண்டு தூக்குக் கைகளையும் உயர்த்துகிறது. இறக்குவதற்கு அழுத்தம் ஏதும் இல்லை. வால்வு திறந்தவுடன் கருவியின் சொந்தக் கனமே எண்ணெயை வெளியேற்றிக்கொண்டு கீழிறங்குகிறது.

இதில் முக்கியமாகக் கவனிக்கத்தக்க சங்கதி ஒன்று உண்டு. இந்த வண்டிகளில் ஆட்சி வால்வு, பம்பு எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் அமைந்திருக்கிறது. தூக்க வேண்டும்போது வால்வு நகர்ந்து பம்புக்கு எண்ணெய் விடுகிறது. உயரத்தில் நிற்கும்போது பம்பு சுழன்றாலும் அதற்கு எண்ணெய் கிடைப்பதில்லை. ஆகவே தூக்குவது பம்பின் வேலை. தூக்கியதைத் தாங்கி நிற்பது பம்பின் வேலையன்று. அது பிஸ்டன் வளையம், குழாயின் ரப்பர் வளையங்கள், வால்வு ஆகியவை எண்ணெயைக் கசியவிடாமல் அடைத்துக்கொண்டிருப்பதால் நடக்கிறது. இந்த ஒரு பேதத்தை மனத்தில் வைத்தால், பாதிக் கோளாறுகளின் இடம் தானே விளங்கிவிடும். ‘தூக்கவில்லை’ என்பது ஒரு நோய். ‘தூக்குகிறது, ஆனால் நிற்கவில்லை’ என்பது வேறொரு நோய். மெக்கானிக்கிடம் போகும்போது இரண்டையும் சேர்த்து ‘ஹைட்ராலிக் போய்விட்டது’ என்று சொல்வதால்தான் வேண்டாத சாமான்கள் மாற்றப்படுகின்றன.

உள்ளே உண்டாகும் அழுத்தத்தின் அளவையும் அறிந்திருப்பது நலம். பின்சக்கர டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 12 முதல் 16 பவுண்டு வரை காற்று அடிக்கிறோம். தூக்கியின் எண்ணெய் அழுத்தமோ 2,000 பவுண்டுக்கும் மேற்படும். இத்தகைய அழுத்தத்துக்கு முன்னால் ஒரு மயிரிழைக் கீறலும் பெரிய வாசலே.

சாமானில் கை வைப்பதற்கு முன்

முதலாவது லீவர்களைப் பார்க்கவேண்டும். 35 வகை வண்டிகளில் ஆசனத்தருகே வில்வடிவத் தகட்டில் இரண்டு லீவர்கள் உண்டு. ஒன்று கருவி எந்த உயரத்தில் நிற்கவேண்டுமென்பதை நிச்சயிப்பது. பொசிஷன் லீவர் என்பர். மற்றது மண்ணின் இழுவைக்கு ஏற்ப ஆழத்தைச் சரிசெய்வது. டிராப்ட் லீவர் என்பர். ஒன்றை உபயோகிக்கும்போது மற்றொன்று அதற்குரிய இடத்தில் இருக்கவேண்டும். டிராப்ட் லீவர் அடியோடு கீழே இறக்கிவிடப்பட்டிருந்தால், பொசிஷன் லீவரை எவ்வளவு உயர்த்தினாலும் கைகள் எழும்பமாட்டா. தகட்டில் குறித்துள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுவே டிராப்ட் லீவரை மேலே வைத்த பிறகே பொசிஷன் லீவர் ஆட்சி செய்யும். புது ஓட்டுநர் ஏறிய நாளிலும், பிள்ளைகள் வண்டியில் ஏறி விளையாடிய மறுநாளிலும் ‘தூக்கி கெட்டுவிட்டது’ என்று வரும் புகார்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது கிளட்ச். பம்பு என்ஜினிலிருந்து கிளட்சின் வழியாகவே சுழற்சி பெறுகிறது. ஒற்றைக் கிளட்ச் உள்ள வண்டியில் மிதியை அழுத்தினால் பம்பு நின்றுவிடும். இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் பாதி மிதிக்கும்வரை பம்பு ஓடும். முழுதும் மிதித்தால் அதுவும் நிற்கும். வரப்பை நெருங்கும்போது மிதியை முழுதும் அழுத்திக்கொண்டே லீவரை உயர்த்தி, கருவி எழவில்லையென்று பதறுவது புதியவர்களின் வழக்கம். கோவென்ட்ரியில் செய்த பழைய சாம்பல் நிற வண்டிகளிலோ பி.டி.ஓ. லீவரையும் போட்டாலொழியப் பம்பு சுழலவே சுழலாது.

மூன்றாவது எண்ணெய். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து அளவுகோலை எடுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், கைகள் துள்ளித் துள்ளி எழும். சமதரையில் நன்றாகத் தூக்குவது மேட்டிலோ சரிவிலோ ஏறும்போது தூக்காமற்போனால், எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிப் பம்பின் வாய்க்கு எட்டவில்லையென்றே முதலில் நினைக்கவேண்டும்.

டிப்பர் டிரெய்லர் உபயோகிப்பவர்கள் இங்கே விசேஷ கவனம் செலுத்தவேண்டும். டிரெய்லரின் தொட்டியை உயர்த்தும் சிலிண்டருக்குச் செல்லும் எண்ணெய் டிராக்டரின் கூட்டிலிருந்தே போகிறது. தொட்டி முழுதும் உயர்ந்திருக்கும்போது கூட்டில் எண்ணெய் மட்டம் தாழ்ந்துவிடும். அது மட்டுமன்று. கரும்புக்கோ எருவுக்கோ அண்டைவீட்டாரின் டிரெய்லரை இரவல் வாங்கி மாட்டினால், அவருடைய சிலிண்டரில் தங்கியுள்ள பழைய எண்ணெயும் அதிலுள்ள அழுக்கும் நம் கியர்ப்பெட்டிக்குள் வந்து சேர்கின்றன. இரவல் கொடுப்பதையும் வாங்குவதையும் நிறுத்தச் சொல்வது நடக்கிற காரியமன்று. குழாயின் முனையைத் துடைத்து மாட்டவும், வேலை முடிந்தபின் எண்ணெயின் நிறத்தைப் பார்க்கவும் மறவாதிருந்தால் போதும்.

எண்ணெயில் தண்ணீர்

நெல் விளையும் பிரதேசங்களில் இதுவே தலையாய நோய் என்பது எமது கருத்து. கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றில் அச்சு வரையில் இறங்கி உழைக்கும் வண்டியில், தேய்ந்த எண்ணெய்த் தடுப்புகளின் வழியாக நீர் உள்ளே புகுகிறது. கிழிந்துபோன கியர் லீவர் உறையின் வழியாக மழைநீர் இறங்குகிறது. இது பலருக்குத் தோன்றாத வழி. வெட்டவெளியில் ஒரு மழைக்காலம் முழுதும் நிற்கும் வண்டியில் இந்த வழியாகவே படிக்கணக்கில் நீர் சேர்ந்துவிடும். வேலை முடிந்ததும் மோட்டார்க் குழாயை நேரே பாய்ச்சிக் கழுவுவதாலும் நீர் ஏறும்.

அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த காபியைப்போல் வெளுத்துக் காணப்பட்டால் நீர் கலந்திருக்கிறதென்பது நிச்சயம். ஐயமிருந்தால் ஒரு பழைய இரும்புத் தட்டைச் சூடாக்கி, எட்ட நின்று ஒரு சொட்டு எண்ணெயை விட்டுப் பார்க்கலாம். நீருள்ள எண்ணெய் படபடவென்று வெடிக்கும்; சுத்தமானது புகைக்குமேயன்றி வெடிக்காது. வண்டியை இரவு முழுதும் அசையாமல் நிறுத்திவைத்து, காலையில் அடித்திருகைச் சற்றே தளர்த்தினால், எண்ணெயைவிடக் கனமான நீர் முதலில் வடியும். இவ்வாறு அடியில் தங்கிய நீரை நீக்கிவிடலாம். ஆனால் பால்போல் கலந்துவிட்ட நீர் இப்படிப் பிரியாது. முழுதும் வடித்துவிட்டு, மலிவான எண்ணெயை ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டித் தூக்கியைப் பலமுறை ஏற்றி இறக்கி, அதையும் வடித்த பிறகே கம்பெனியார் குறித்த எண்ணெயை நிரப்பவேண்டும். செலவைக் குறைக்க வெறும் டீசலை ஊற்றி வண்டியை ஓட்டிக் கழுவுவது தவறு. கியர்களும் பம்பும் அந்த எண்ணெயாலேயே வழுவழுப்புப் பெறுகின்றன என்பதை மறக்கலாகாது.

நீர் கலந்த எண்ணெயோடு இரண்டு பருவம் ஓட்டினால் தூக்கியோடு போகாது. வால்வு துருவேறி இறுகும். பேரிங்குகள் பள்ளம் விழும். கியரின் பற்கள் உதிரும். அப்போது வண்டியை நடுவில் பிளந்தே ரிப்பேர் செய்ய நேரிடும். எண்ணெய் மாற்றும் செலவு அதன்முன் ஒரு பொருட்டல்ல.

குறிகளும் காரணங்களும்

லீவர், கிளட்ச், எண்ணெய் மூன்றும் ஒழுங்காக இருந்தும் கைகள் சிறிதும் எழவில்லையானால், கருவியைக் கழற்றிவிட்டு வெறுங்கைகளோடு பார்க்கவேண்டும். வெறுங்கை எழுந்து, கருவியோடு எழவில்லையென்றால் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, அழுத்தம் போதவில்லை என்று கொள்ளலாம். இங்கே காதைக் கொடுத்துக் கேட்பது மிகவும் பயன்படும். பாரம் மிகுந்தபோது உள்ளிருக்கும் காப்பு வால்வு திறந்து ‘கிர்’ என்று ஒலிக்கும். அந்த ஒலி கேட்டால் பம்பு தன் கடமையைச் செய்கிறது. பாரம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது, அல்லது கைகள் எங்கோ சிக்கியிருக்கின்றன, அல்லது காப்பு வால்வின் வில் தளர்ந்து முன்னதாகவே திறக்கிறது. 35 குதிரைத் திறனுள்ள வண்டிக்கு ஆறடி ரோட்டவேட்டரை மாட்டி, அதன்மேல் ஒட்டிய சேற்றையும் சேர்த்துத் தூக்கச் சொன்னால் பழியைப் பம்பின்மேல் போடுவது நியாயமாகாது. ஒலியும் இல்லை, தூக்கமும் இல்லை என்றால், பம்புக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை, அல்லது வால்வு இறுகிவிட்டது, அல்லது குழாயின் வளையம் அறுந்து எண்ணெய் முழுதும் வழியிலேயே கொட்டிவிடுகிறது.

மெதுவாகத் தூக்குவதும், அதனோடு பம்பிலிருந்து உறுமல் போன்ற ஓசை வருவதும் வடிகட்டி அடைபட்டதன் குறி. பம்பின் வாயிலுள்ள கம்பிவலையில் இரும்புத்தூளும் சேறும் கந்தல்நூலும் அடைந்துவிடும். கந்தல்நூல் எப்படி வந்ததென்று கேட்கலாம். எண்ணெய் ஊற்றும்போது வாயைத் துடைக்கும் பழந்துணியிலிருந்துதான். வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டும்போது அதில் ஒட்டியிருக்கும் தூளைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு தேய்மானத்தால் வருவது, அது இயல்பு. செதில்போல் பளபளக்கும் துண்டுகள் இருந்தால் கியரோ பேரிங்கோ உடைந்து வருகிறதென்று பொருள். வடிகட்டியைக் கழுவியதோடு விட்டுவிடலாகாது.

காலையில் நன்றாகத் தூக்கி, வெயில் ஏறி எண்ணெய் சூடானபின் தூக்காத வண்டிகள் பல உண்டு. குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதால் சிறு இடுக்குகளில் கசியாது. சூடேறி நீர்த்ததும் கசியும். ஆகவே இது தேய்மானத்தின் குறியேயன்றி வேறல்ல. இன்னும் தடித்த எண்ணெயை ஊற்றி இதை மறைக்கலாமென்று சிலர் யோசனை சொல்வார்கள். சில நாட்களுக்கு அது பலிக்கவும் செய்யும். ஆனால் தடித்த எண்ணெயைப் பம்பு உறிஞ்சத் திணறுவதால் தேய்மானம் விரைவதே முடிவு.

தூக்குகிறது, ஆனால் நிற்கவில்லை என்னும் நோயைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு கல்டிவேட்டரை மாட்டி ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி, லீவரை அசைக்காமல் என்ஜினை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஒரு சாணுக்குமேல் தூக்கிச் சோதிப்பதில் பயனில்லை, அபாயமே உண்டு. பழைய வண்டியில் வெகுநேரத்தில் சிறிது தாழ்வது குற்றமன்று. சில நிமிஷங்களுக்குள் கொழு தரையைத் தொட்டுவிட்டால் கசிவு இருக்கிறது. என்ஜின் ஓடும்போது இதே கசிவு வேறுவிதமாகத் தோன்றும். கருவி சிறிது தாழும், வால்வு அதையறிந்து மீண்டும் தூக்கும், மறுபடி தாழும். இப்படிக் கைகள் ஓயாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும். சாலையில் கருவியைத் தூக்கிக்கொண்டு போகும்போது இது நன்றாகத் தெரியும். இத்தகைய வண்டிக்குப் புதுப் பம்பு வாங்குவது, ஓட்டைக் குடத்துக்குப் புது ராட்டினம் வாங்குவதை ஒக்கும்.

கசிவு எந்த இடத்தில் என்பதைக் கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை. அவர் எண்ணெயை வேண்டிய அளவு வடித்து, பக்கத்து மூடியைக் கழற்றி, விளக்கின் ஒளியில் உள்ளே பார்ப்பார். எண்ணெய் மேலிருந்து, சிலிண்டரின் வாய்ப்புறமாக ஒழுகினால் பெரிய பிஸ்டனின் வளையமோ சிலிண்டரின் உட்புறமோ தேய்ந்திருக்கிறது. செங்குத்துக் குழாயின் அடியிலோ முடியிலோ ஒழுகினால் அங்குள்ள ஓ-ரிங்குகள் போய்விட்டன. பம்பின் உடலிலிருந்து ஒழுகினால் ஆட்சி வால்வையும் காப்பு வால்வையும் சந்தேகிக்கவேண்டும். முதலிரண்டும் பம்பில் கை வைக்காமலே சரிசெய்யத்தக்கவை. ஆகவே மூடியைத் திறந்து காட்டாமல் ‘பம்பு போய்விட்டது’ என்று சொல்பவரிடம், எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறதென்று காட்டும்படி வற்புறுத்துவதில் வெட்கப்பட வேண்டியதில்லை. மேல் மூடியைக் கழற்றும்படி நேர்ந்தால், அது இரண்டு ஆட்கள் கையால் தூக்கி வைக்கும் சாமானன்று. சங்கிலிக் கப்பி வேண்டும். மேலும், ஒருமுறை அதைத் திறந்தபின் ஒரு வளையத்தை மட்டும் மாற்றி மூடுவது சிக்கனமாகாது. அங்குள்ள ரப்பர் வளையங்கள் அனைத்தையும் புதியனவாக்கி மூடவேண்டும்.

தூக்கியபின் இறங்க மறுப்பது இன்னொரு வகை. பல மாதம் ஓட்டாமல் நிறுத்திய வண்டியிலும், நீர் கலந்த எண்ணெயுள்ள வண்டியிலும் வால்வு துருவால் இறுகி இவ்வாறு நேரும். வளைந்த கீழ்க்கையோ, சேற்றில் இறுகிய கொண்டிகளோ காரணமாவதும் உண்டு. இந்தச் சமயத்தில் லீவரைச் சுத்தியால் தட்டுவது மிகவும் கெட்ட பழக்கம். உள்ளிருக்கும் இணைப்புத் தண்டுகள் மெல்லியவை. வளைந்துவிட்டால் பிறகு எந்த லீவரும் தன் இடத்தில் சரியாக வேலை செய்யாது. அதைவிடப் பெரிய கேடு, இறுகிய வால்வு எதிர்பாராத கணத்தில் விடுபட்டுக் கருவி முழுப் பாரத்தோடு விழுவதே.

உழும்போது மட்டும் ஆழம் ஒருசீராக இல்லாமல் கலப்பை மேலும் கீழுமாகப் போவதானால், மேல் கை பொருந்தும் இடத்தைப் பார்க்கவேண்டும். மேல் கையைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த கவட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் சிறிதும் ஆட்டம் இருக்கலாகாது. அதே சமயம் உள்ளிருக்கும் வில்லை விரலால் திருப்பினால் அது திரும்பவேண்டும். ஆட்டம் இருந்தால் மண்ணின் இழுவை வால்வுக்குச் சரியாக எட்டாது. இதைச் சீர்செய்ய அதிக நேரமோ செலவோ வேண்டாம். ஆயினும் வருஷக்கணக்கில் ஒருவரும் பாராத இடம் இது.

அபாயத்தைப் பற்றி

தூக்கிய கருவியின்கீழ் படுத்தோ குனிந்தோ எவரும் வேலை செய்யலாகாது. கொழு மாற்றுவதும், ரோட்டவேட்டர்க் கத்தியில் சுற்றிய வைக்கோலை அறுப்பதும் வழக்கமாகக் கருவியைத் தூக்கிவைத்தே செய்யப்படுகின்றன. அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது விலைகுறைந்த ரப்பர் வளையங்களே என்பதை மேலே கண்டோம். தவிர, என்ஜின் நின்றிருந்தாலும் ஒரு குழந்தை லீவரைத் தட்டினால் கருவி விழும். வேலை தரையில் செய்யக்கூடியதானால் இறக்கிவிட்டுச் செய்யவேண்டும். தூக்கியே தீரவேண்டுமானால் இருபுறமும் உறுதியான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, கருவியின் பாரத்தை அவற்றின்மேல் இறக்கி, சாவியை எடுத்துக்கொண்ட பிறகே கை வைக்கவேண்டும். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பது முட்டன்று, நொறுங்கிவிடும்.

டிப்பருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் கசிவிருந்தால் விரலால் தடவிப் பார்க்கலாகாது. ஊசித் துளையிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியில் முள் குத்தியது போன்ற புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் அதிகமிராது. ஆனால் உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ இழக்க நேரிடும். அப்படி நேர்ந்தால் மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் காத்திராமல், அழுத்தமுள்ள எண்ணெய் உள்ளே ஏறிவிட்டதென்று சொல்லி அன்றே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கசிவைக் காண ஓர் அட்டைத் துண்டை எட்டப் பிடித்தால் அதில் எண்ணெய் படிந்து இடத்தைக் காட்டிவிடும். எந்தத் திருகைத் தளர்த்துவதற்கும் முன் கருவியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லீவரைக் கீழே தள்ளி உள்ளிருக்கும் அழுத்தத்தைப் போக்கிவிடவேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கும்

பழைய டிராக்டரை விலைபேசும்போது என்ஜினின் ஓசையையும் டயரையும் பார்ப்பவர்கள், தூக்கியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். விற்பவர் காலையில், எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது காட்டுவார். அரை மணி நேரமாவது கனமான கருவியோடு வயலில் ஓட்டச் சொல்லி, எண்ணெய் சூடான பிறகு ஒரு சாண் தூக்கி என்ஜினை நிறுத்தி, முன்சொன்ன கடிகாரச் சோதனையைச் செய்யவேண்டும். அதற்கு முன்பே அளவுகோலை எடுத்து எண்ணெயின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். எண்ணெய் மிகவும் புதிதாகவும் தெளிவாகவும் இருந்தால், பழையது ஏன் மாற்றப்பட்டதென்று கேட்பதும் தகும். கசிவு மட்டும் உள்ள வண்டியை வாங்காமல் விடவேண்டுமென்பதில்லை; விலையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பால்போல் வெளுத்த எண்ணெயுள்ள வண்டியை எந்த விலைக்கும் வாங்காதிருப்பதே மேல்.

சங்கத்து வண்டியானால், ஓட்டிய மணி, எண்ணெய் ஊற்றிய அளவு, மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவரச் செய்யவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் ஊற்றும்படி நேர்ந்தால் அது எங்கோ வெளியேறுகிறது. ஊற்றாமலே மட்டம் உயர்ந்தால் தண்ணீர் ஏறுகிறது. பிந்தியதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. ரிப்பேர்ச் சீட்டு வரும்போது, மாற்றியதாகச் சொல்லும் பழைய சாமான்களை வாங்கிப் பார்த்தபின் கையெழுத்திடவேண்டும். மெக்கானிக்கிடம் வண்டியை ஒப்புவிக்கும்போது, எண்ணெய் சூடானபின் தூக்குகிறதா, என்ஜினை நிறுத்தியபின் எத்தனை நிமிஷம் நிற்கிறது, காப்பு வால்வின் ஒலி கேட்கிறதா, எண்ணெயின் நிறம் என்ன என்னும் நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, ரிப்பேர் முடிந்து வரும்போது அவர் முன்னிலையிலேயே அந்தச் சோதனைகளை மறுபடி செய்து பார்த்துப் பணம் கொடுக்கலாம்.